தரையைப் பார்த்த ஸ்பீக்கர்

நங்கூரத் தெருவில் மனிதர்கள் சத்தமில்லாமல் நடக்கத் தொடங்கியது அந்த மேசை வந்த பிறகுதான், இதில் யாருக்கும் மாற்றுப் பேச்சு கிடையாது. ஏன் அப்படி ஆனது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள், கடல் காற்று என்பார்கள், உப்பு என்பார்கள், பாவம் என்பார்கள். மேசையைச் செய்த ரெனிட்டாவைக் கேட்டால், "ஒயரை ஓட்டை மாத்திச் சொருவிட்டேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள், ஏனென்றால் எதையும் இழுத்துச் சொல்ல அவளுக்குப் பொறுமை கிடையாது. அந்தப் பொறுமை இருந்திருந்தால் நேற்று நடத்திய பாடத்தையே இன்றும் நடத்துகிறார்கள் என்று பையைத் தூக்கிக்கொண்டு பதினொன்றாம் வகுப்பிலிருந்து பாதியில் வந்திருக்க மாட்டாள், ஸ்பீக்கரை மாட்டும்போது எந்த ஓட்டை என்று குனிந்து பார்த்திருப்பாள், சொல்ல ஒரு கதையும் இருந்திருக்காது.

தூத்துக்குடியில் துறைமுகச் சாலையை விட்டு இறங்கி மீன் வாடையைப் பிடித்துக்கொண்டே வந்தால் நங்கூரத் தெரு வந்துவிடும். தெரு முனையில் முதல் வீடு ரெனிட்டாவின் வீடு. அவள் அப்பா தொபியாஸ் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற ஆயில்மேனாக இருந்தவர், எஞ்சின் அறையில் நீராவிக் குழாய் ஒன்று வெடித்த அன்று அவர் முகம் பிழைத்துக்கொண்டது, கண்கள் பிழைக்கவில்லை. ஊருக்கு வந்தவர் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தெருவைக் காதால் பார்க்கத் தொடங்கினார். ஒருவன் முனை திரும்பும்போதே அவன் காலடியை வைத்து அவன் யார், எங்கிருந்து வருகிறான், கையில் என்ன கொண்டுவருகிறான், குடித்திருக்கிறானா என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். "ஏ குரூசு, இடது செருப்பு வாரு அந்து போச்சாலே?" என்பார், பரோட்டாக் கடை குரூஸ் குனிந்து பார்த்தால் அந்துதான் போயிருக்கும். "அலங்காரம், கூடை காலியாத்தான வருது? யாவாரம் ஜோருதான் போ," என்பார், மீன்காரி அலங்காரம் அக்கா, "இந்தக் கண்ணு தெரியாத மனுசனுக்குத் தெரியாம ஒரு எட்டு வைக்க முடியுதா," என்று திட்டிக்கொண்டே சந்தோஷமாகப் போவாள். ராயப்பன் என்றொரு மெக்கானிக் அவரை ஏமாற்றவென்றே குதிகாலைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்ப்பான். "பூனை மாதிரிப் போற கழுதை யாரு, ராயப்பனா?" என்று குரல் வரும். அவர் வாயால் தங்கள் பெயரைக் கேட்பதற்கென்றே அடுத்த தெரு வழியாகப் போக வேண்டியவர்களும் சுற்றிக்கொண்டு இந்தத் தெரு வழியாக வந்தார்கள். அவருக்கும் அதுதான் சோறு, அதுதான் பொழுது.

அம்மா சலேத் உப்பளத்தில் வேலை பார்த்தவள். ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டுக்குள் நடக்கிற கால்கள் ரெனிட்டாவுடையவை மட்டும்தான்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொபியாஸ் சொன்னார், ஏதோ ஒரு தூரத்துத் துறைமுகத்தில் கப்பல்காரர்கள் கூடுகிற இடத்தில் ஒரு மேசை கிடந்தது, சும்மா மேசை இல்லை, விளையாடுகிற மேசை. "நின்னுக்கிட்டு ஆடுத பெட்டி இல்லட்டி. எதிரும் புதிருமா உக்காந்து ஆடணும். படம் வானத்தைப் பாத்துப் படுத்துக் கெடக்கும், மேல கண்ணாடி. மொதல்ல என் முறை. அடுத்து எதிராளி முறை வந்தா படம் அப்படியே தலைகீழாத் திரும்பி அவன் பக்கம் பாக்கும்."

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே. படம் எங்க பாத்தா உங்களுக்கென்ன?"

"எதிர்ல ஒரு ஆளு இருக்கும்லா," என்றார் தொபியாஸ். "அது போதும்."

ரெனிட்டா மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டே, "சரி, செய்வோம்," என்றாள். ஒரு விஷயத்தை யோசிப்பதைவிடச் செய்துவிடுவது அவளுக்குச் சுலபம்.

மறுநாளே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பழைய கப்பல் சாமான் விற்கிற நயினா பாயின் கிடங்குக்குப் போனாள், அன்றிலிருந்து ஒரு மேசைக்கு வேண்டிய உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்குள் நடந்த சண்டையைத் துறைமுகச் சாலை முழுக்கக் கேட்டது. மேசையை அவள் தேர்ந்தெடுத்தாள்: ஏதோ கப்பலின் சாப்பாட்டு அறையில் கிடந்தது, அலையில் தட்டு வழுக்கி விழாதிருக்க ஓரமெல்லாம் சட்டம் எழுப்பியது, அந்தச் சட்டத்துக்குள் கண்ணாடி அளவாக உட்காரும் என்று பார்த்ததுமே கண்டுகொண்டாள். திரையை அவர் தேர்ந்தெடுத்தார்: அவள் தட்டையான மானிட்டர் கேட்டாள், அவர் பழைய குண்டு டிவியின் டியூப்தான் வேண்டும் என்றார், ஏனென்றால் டியூப் எரியும்போது மெலிதாக முனகும், தட்டை மானிட்டர் செத்ததா இருக்கிறதா என்று குருடனுக்கு எப்படித் தெரியும். கடைசியில் குரூஸ் கடையில் பரோட்டா எண்ணெயில் ஊறிக்கிடந்த டிவியின் டியூப்தான் வந்தது. கண்ணாடியை முனை மழுக்கி வாங்கினார்கள். சின்னதாக ஒரு போர்டு வாங்கினாள், அதில் ஏகப்பட்ட ஆட்டம் இருக்கிறது என்று விற்றவன் சத்தியம் பண்ணினான், கொண்டுவந்து மாட்டியபோது ஒரே ஒரு ஆட்டம்தான் ஓடியது: பாறைகளுக்கு நடுவில் வள்ளம் ஓட்டிப் போய் முத்துப் பொறுக்குவது. பாறை நெருங்கினால் ஒரு சத்தம், முத்து நெருங்கினால் ஒரு சத்தம். "இது போதும்ட்டி, இதை நான் காதாலயே ஆடிருவேன்," என்றார் தொபியாஸ்.

பெரிய சண்டை நெம்புகோல்களுக்குத்தான் வந்தது, அதாவது விரலால் பிடித்து நாலு பக்கமும் ஆட்டுகிற அந்தக் குமிழ் வைத்த கோல். அவள் ஒரே மாதிரி இரண்டு எடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகக் காதருகில் வைத்து ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, கொழகொழவென்று அசைகிற ஒன்றைத் தனக்கும், காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி டக் டக்கென்று பேசுகிற ஒன்றை எதிராளிக்கும் எடுத்தார்.

"செட்டா வாங்கணும்பா. பாக்கவே கேவலமா இருக்கும்."

"பாக்கது நீ. எதிராளி என்ன பண்ணுதான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவளுக்குக் கோபம் வந்தது, இரண்டு கோலையும் பிடுங்கிப் பையில் போட்டாள்.

ஸ்பீக்கர் கடைசி. டியூப்போடு ஒரு குட்டி ஸ்பீக்கர் வந்திருந்தது, ஆட்டத்துக்கு அதுவே போதும் என்றாள் ரெனிட்டா. தொபியாஸ் ஒத்துக்கொள்ளவில்லை, "அது கொசு பேசுத மாதிரி பேசுது," என்று கிடங்கின் மூலையில் கிடந்த ஸ்பீக்கர்களையெல்லாம் சுண்டு விரலால் தட்டிக்கொண்டே போய், அகலமான ஒன்றிடம் நின்றுவிட்டார், திரும்பத் திரும்பத் தட்டினார், அதன் கறுப்பு வாய் உள்ளேயிருந்து யாரோ அடிவயிற்றால் பெருமூச்சு விடுகிற மாதிரி அதிர்ந்தது.

"தொபி அண்ணே, அது வேண்டாம்," என்றார் நயினா பாய். "அது சாவு அறிவிக்கிற ஆட்டோல இருந்தது. உங்க பக்கம் யாரு செத்தாலும் மைக் கட்டிக்கிட்டுத் தெருத்தெருவாப் போகும்லா, அந்த ஆட்டோ. வண்டியை உடைச்சுட்டாங்க."

அந்தக் குரலைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. சலேத்தின் பெயரையும் அதுதான் சொல்லிக்கொண்டு போனது, பிறகு அவள் சவப்பெட்டிக்கு முன்னால் வாயைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாக ஊர்ந்து போனது, பின்னால் மொத்தத் தெருவும் நடந்தது.

"சாவு சொன்ன வாயி," என்றார் தொபியாஸ், "இனி ஆட்டத்தைச் சொல்லட்டும்." கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டார்.

மேலே கண்ணாடி, நடுவில் டியூப், இரண்டு பக்கமும் கோல். அகல ஸ்பீக்கரை வைக்க மேசைக்கு அடியில்தான் இடம் இருந்தது, ஆடுகிற இரண்டு பேரின் கால்களுக்கு நடுவில், தரையைப் பார்த்தபடி. ரெனிட்டா படுத்துக்கொண்டு, வியர்வை கண்ணில் இறங்க, கைக்குத் தட்டுப்பட்ட ஓட்டையில் ஒயரைச் சொருகினாள். சுவிட்சைப் போட்டதும் டியூப் முனகியது, குட்டி ஸ்பீக்கர் கொசு மாதிரிப் பாடியது, அகல ஸ்பீக்கர் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டிப் பார்த்தாள், உதைத்துப் பார்த்தாள், "செத்துப்போச்சு, கெடக்கட்டும்," என்று எழுந்துவிட்டாள்.

அந்தச் சாயங்காலமே அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ரெனிட்டா விட்டுக்கொடுத்தெல்லாம் ஆடவில்லை, அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, முழு மூச்சோடு ஆடித்தான் தோற்றாள். கண் தெரிந்தவள் பாறையில் முட்டினாள், தெரியாதவர் காதைச் சாய்த்துக்கொண்டு சந்து சந்தாக நுழைந்து முத்தையெல்லாம் வாரிக்கொண்டு போனார். எரிச்சலில் எழுந்து அடுப்படிக்குப் போனாள், தண்ணீர் குடித்தாள்.

"ஏட்டி, தோத்ததுக்கா இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்க? எந்திரிச்சுப் போயி சோத்தை வையி," என்றார் தொபியாஸ், எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்து.

"நான் அடுப்படியிலல்லா நிக்கேன்."

தொபியாஸ் தலையைத் திருப்பினார். "பறந்தா போன?"

ரெனிட்டா தரையை மிதித்தாள். குதிகால் வலித்தது. சத்தம் இல்லை. சொம்பைக் கீழே போட்டாள், அது கணீரென்று உருண்டது. திரும்பவும் மிதித்தாள், ஓங்கி ஓங்கி மிதித்தாள், அவள் கால் பஞ்சு மூட்டையில் இறங்குகிற மாதிரி சிமென்டுத் தரையில் இறங்கி எழுந்தது.

அடுத்து குரூஸ் வந்து ஆடித் தோற்றான். ராயப்பன் தோற்றான், அலங்காரம் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்து தோற்றாள், வீடு மந்திரிக்க வந்த பங்குச்சாமியார் மந்திரித்து முடித்த கையோடு உட்கார்ந்து, கோவில் மணி அடிக்கிற கோவில்பிள்ளையிடம் தோற்றார். ஜெயித்தவன் கால் பேசும், தோற்றவன் கால் பேசாது, அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தவனும் தோற்பான். மேசைதான் இதைச் செய்கிறது என்பது தெருவுக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை, தெரிந்த பிறகும் யாரும் ஆடுவதை நிறுத்தவில்லை. "கால் சத்தத்தை வச்சு என்ன செய்யப்போறோம், அடகா வைக்க முடியும்?" என்றான் குரூஸ். நஷ்டமே இல்லாத தோல்வி என்று ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

பிறகு தெரு அதற்குப் பழகிக்கொண்டது. மழைக்கும் மின்வெட்டுக்கும் பழகிக்கொள்கிற மாதிரிதான், ஒரு கூட்டம் கூடவில்லை, ஒருத்தரும் ஆச்சரியப்பட்டு உட்கார்ந்துவிடவில்லை. ராயப்பன் குடித்துவிட்டு வந்தது பெண்டாட்டிக்குத் தெரியாமல் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டான், அவளும் தோற்ற பிறகு அவனுக்குத் தெரியாமல் அவன் சட்டைப்பையைத் துழாவினாள். பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடுவதை விட்டுவிட்டார்கள், யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நாய்கள் கண்ணால் ஆளைப் பார்த்தன, காதால் ஆள் இல்லை என்று அறிந்தன, எதை நம்புவது என்று தெரியாமல் குரைப்பதையே விட்டன. செருப்பில் சோடா மூடி அடித்துக்கொண்டார்கள், கையில் பிடித்துத் தட்டினால் கிணுகிணுத்தது, காலில் போட்டு நடந்தால் அதுவும் ஊமை. அதனால் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது இருமுவது வழக்கமாயிற்று, பிறகு தன் பெயரைத் தானே சொல்வது வழக்கமாயிற்று, "நான் அலங்காரம் வாரேன்," "நான் குரூசு போறேன்," என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டு போனார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு, பெண் காப்பித் தட்டோடு வந்து நின்ற பிறகுதான் அவள் வந்ததே தெரிந்தது, என்ன ஒரு அடக்கம் என்று அங்கேயே பேசி முடித்துக்கொண்டார்கள். மாதா தேருக்குப் பின்னால் மொத்தத் தெருவும் நடந்தபோது மெழுகு சொட்டுகிறது காதில் விழுந்தது. சாமியார் பூசையில், இத்தனை காலம் இந்தப் பங்கில் இருந்த சத்தத்துக்கு இது ஆண்டவரே கொடுத்த ஓய்வு என்று சொன்னார். அவர் பீடத்துக்கு வருவதும் யாருக்கும் தெரியவில்லை, முன்வரிசைக் கிழவிகள் ஒவ்வொரு நாளும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் சரியாகிவிட்டது, தொபியாஸுக்கு மட்டும் சரியாகவில்லை.

"அண்ணே, நான் குரூசு!" என்று தெருவிலிருந்து கத்தினால், "பேரை எவனும் சொல்லலாம்," என்பார். இருமினால், "இருமல் எல்லாம் ஒரே இருமல்தான்," என்பார். சைக்கிள் போனது, ஆட்டோ போனது, காற்று போனது, ஆள் ஒருத்தரும் போகவில்லை. ஆட்டத்தில் தோற்காத அவர் கால் மட்டும் தெருவில் தட்டுத்தட்டென்று கேட்டது, கேட்கக் கேட்க அவர் நடையைக் குறைத்தார். ஒருநாள் நாற்காலியை வாசலிலிருந்து எடுத்து வீட்டுக்குள் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். ஆட வருகிறவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து ஆடிவிட்டுப் போனார்கள். தட்டில் வைத்த சோறு காய்ந்தது. ரெனிட்டா பக்கத்தில் போய்ப் பேசினால் தூக்கிவாரிப்போடும் அவருக்கு, எங்கிருந்தோ முளைத்த குரல். அவள் இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு நடந்து பார்த்தாள். "சாவி நடக்குது," என்றார். "நீ நடக்கலட்டி."

பிறகு ஒரு மத்தியானம் மிகச் சாதாரணமான குரலில் கேட்டார்: "ரெனி, நெசத்தைச் சொல்லு. எல்லாரும் செத்துட்டாவளா? எனக்காகத்தான் குரல் மாத்திக் குரல் மாத்திப் பேசுதியா?"

ரெனிட்டா விருட்டென்று எழுந்தாள். சுத்தியலை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்தாள். அகல ஸ்பீக்கரின் வாய் அவள் முகத்துக்கு மேலே இருந்தது. அடிக்க ஓங்கியவள் நிறுத்தினாள். உள்ளே யாரோ நடந்தார்கள். காதை வைத்தாள். ஒருத்தர் இல்லை, தெருவே நடந்துகொண்டிருந்தது, செருப்பு, வெறுங்கால், கூடை சுமந்த கால், தள்ளாடுகிற கால், எங்கும் போய்ச் சேராமல், நெருக்கமாக, பெட்டிக்குப் பின்னால் நடக்கிற கூட்டம் மாதிரி.

சுத்தியலைப் போட்டுவிட்டு நயினா பாயிடம் ஓடினாள்.

"பேசாத ஸ்பீக்கர் வேற என்ன செய்யும்?" என்றார் நயினா பாய், அவர் கால்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மேசையிடம் தோற்றவைதான். "கேட்டுக்கிட்டு இருக்கும். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே சாமான்தான் தாயி. எந்த ஓட்டையில சொருவுன?"

வந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். மைக் ஓட்டை. பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் சொருகினாள், சொருகிய அதே நொடியில் ஸ்பீக்கர் ஒரு பெரிய செருமல் செருமியது, தொப் தொப்பென்று கனத்த காலடி ஒன்று வெளியே விழுந்து, தரையில் ஒரு வட்டம் அடித்து, வாசலில் ஐஸ் சப்பிக்கொண்டு நின்ற குரூஸின் சின்ன மகள் மீது ஏறிக்கொண்டது. பிள்ளை பயந்து ஓடியது. பங்குச்சாமியாரின் நடையில், மூட்டுவலியோடு, தொப் தொப்பென்று ஓடியது. ரெனிட்டா ஒயரைப் பிடுங்கினாள்.

"இது சுளுவுல ஆகாது," என்றான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த குரூஸ். "யாரு காலு எதுன்னு தெரிஞ்ச ஆளு வேணும்."

எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரின் முதுகைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் செத்துட்டியளான்னு கேட்டேன், ஒருத்தனும் பதில் சொல்லல," என்றார் தொபியாஸ் திரும்பாமல். "இப்ப மட்டும் நான் வேணுமோ?"

"யப்பா," என்றாள் ரெனிட்டா, "உங்களுக்கு ரோசம் காட்டணும்னா நாளைக்குக் காட்டுங்க. இன்னைக்கு நாற்காலியைத் திருப்புங்க."

அவர் திருப்பினார்.

வெயில் சாய்கிற நேரம். தெரு முழுக்க வாசலில் வந்து நின்றது. ரெனிட்டா மேசைக்கு அடியில் ஒயரைப் பிடித்துக்கொண்டு படுத்தாள், ஒவ்வொரு காலடியாக விட்டாள், தொபியாஸ் காதைச் சாய்த்தார். முதலில் பிள்ளையை நடக்கச் சொல்லிக் கேட்டு, "சாமி, இது உம்மது, வந்து வாங்கிக்கிடும்," என்றார். பெயர் சொன்னதும் அந்தக் கால் பிள்ளையை விட்டுக் கிளம்பித் தன் ஆளிடம் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. "குரூசு! இன்னும் அந்தச் செருப்பைத் தைக்கலயாலே நீ?" குரூஸ் தெருவில் குதித்துப் பார்த்தான், கேட்டது, திரும்பக் குதித்தான். "அலங்காரம். இது கூடையோட தோத்த காலு, கனத்துப்போய் கெடக்கு, வா." "ராயப்பன் பெண்டாட்டி. ராயப்பா, உன் காலும் வருது, ஆனா அவ காலு அதை மெதிச்சுக்கிட்டு வருது." தெரு சிரித்தது, சிரிப்போடு தரையையும் மிதித்தது, நாய்கள் நிம்மதியாகக் குரைக்கத் தொடங்கின. நயினா பாய், கோவில்பிள்ளை, காப்பித் தட்டுக்காரப் பெண் என்று ஒருவர் தவறவில்லை, ஒரு கால் மாறவில்லை. தொபியாஸ் வியர்த்து, மூச்சு வாங்கி, பசித்தவன் சாப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு பெயராகச் சொன்னார். கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டே கலைந்து போனது.

ரெனிட்டா மேசைக்கு அடியிலிருந்து வந்து தரையை மிதித்தாள். அவள் கால் இன்னும் ஊமை. முதலில் போனது அதுதான், கடைசியாக வர இருந்ததும் அதுதான்.

ஸ்பீக்கரிலிருந்து மெதுவாக ஒரு காலடி கேட்டது. வெறுங்கால். குதிகால் விழுந்து, ஒரு இழை தாமதித்து, விரல் விழுந்தது. தொபியாஸ் பெயரைச் சொல்லாமல் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்.

"என்னப்பா? நான்தான? கூப்பிடுங்க."

"இது ஒரு ஆளு இல்லட்டி." அவர் குரல் தணிந்துவிட்டது. "ரெண்டு. முன்னால போறவ காலு வச்ச எடத்துலயே பின்னால வாரவ காலை வைக்கா."

ரெனிட்டா தன் காலைப் பார்த்தாள். சின்ன வயதில் அம்மாவோடு உப்பளத்துக்குப் போனால் வரப்பில் கால் கூசும், உப்பு வெட்டும். அம்மா மிதித்த தடத்தில் மிதித்தால் வெட்டாது. அப்படித்தான் அவளுக்கு நடையே வந்தது.

காலடி கிட்டே வந்தது, தள்ளிப் போனது, திரும்ப வந்தது.

"அம்மாவைக் கூப்பிட்டா அம்மா காலு எங்க போகும்?" என்று கேட்டாள்.

"ஆளு எங்க கெடக்கோ அங்க."

"அங்க போயி எங்க நடக்கதுக்கு?"

தொபியாஸ் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். தெருவையே பெயர் சொல்லி அழைத்த வாய் இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டு தயங்கியது. பிறகு, "ரெனிட்டா," என்றார், ஞானஸ்நானத்தில் கூப்பிடுகிற மாதிரி முழுசாக. ரெனிட்டாவின் குதிகால் தரையில் விழுந்த சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. ஸ்பீக்கருக்குள் மற்றக் கால் நின்றது. போகவில்லை, நின்றது, யாரோ பின்னால் வந்துகொண்டிருந்த பிள்ளையைக் காணோமே என்று திரும்பிப் பார்க்க நிற்கிற மாதிரி.

தொபியாஸ் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

ஸ்பீக்கரைக் கழற்ற ரெனிட்டா குனிந்தாள். "எடுக்காத. பழைய ஓட்டையில சொருவு."

"லூசாப்பா நீங்க? இப்பதான தெருவே திரும்பி வந்துச்சு!"

"தெருவுல எவனும் இனிமே இதுல உக்கார வேண்டாம். நான் மட்டும் ஒரு ஆட்டம்."

முடியாது என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஆனால் மேசையை எதற்காகச் செய்தோம் என்பது ஞாபகம் வந்தது, எதிரே ஒரு ஆள் இருக்கத்தான். இந்த முறை டார்ச் அடித்து, ஓட்டையைப் பார்த்து, நிதானமாகச் சொருகினாள்.

தொபியாஸ் தன் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலி காலி. டியூப் முனகியது. அவர் முறை முடிந்தது. படம் கண்ணாடிக்கு அடியில் மெல்லத் திரும்பி மறுபக்கம் பார்த்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு எதிராளிக்கென்று அவர் பொறுக்கி எடுத்த அந்தக் கோல், காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி, டக் என்றது. குமிழ் சாய்ந்தது. வள்ளம் பாறையைச் சுற்றிக்கொண்டு போனது, தப்புந்தவறுமாக, முதல்முறை ஆடுகிறவர்கள் போவது மாதிரி. தொபியாஸ் சிரித்தார். தன் முறை வந்தபோது முத்துச் சத்தத்தை விட்டுவிட்டு, பாறைச் சத்தத்தைத் தேடிப் போய் முட்டினார்.

"தோத்துட்டேன்," என்றார்.

எழுந்து வாசலுக்கு நடந்தார். சத்தம் இல்லை.

இப்போது நங்கூரத் தெரு பழையபடிதான் இருக்கிறது. நாற்காலி வாசலில் கிடக்கிறது, குரூசுக்குச் செருப்பு அந்துபோகிறது, அலங்காரம் அக்கா திட்டிக்கொண்டே போகிறாள். தொபியாஸ் நடப்பது மட்டும் காதில் விழாது, ஏன் என்று யாரும் கேட்பதில்லை. மேசை வீட்டுக்குள் கிடக்கிறது, கண்ணாடிமேல் விரிப்பு போட்டிருக்கிறது. அடியில் காதை வைத்தால் இரண்டு பேர் நடப்பது கேட்கும், ஒன்று செருப்பு, ஒன்று வெறுங்கால், இப்போது பக்கம் பக்கமாக. அந்த வீட்டில் சத்தமாக நடக்கிற ஒரே ஆள் ரெனிட்டாதான், தான் வந்தது அப்பாவுக்குத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே குதிகாலைக் குத்திக்குத்தி நடப்பாள்.

அப்படித்தான் ஒரு சாயங்காலம் தொம் தொம்மென்று உள்ளே வந்தாள். தொபியாஸ் மேசையருகே உட்கார்ந்திருந்தார், ஒரு கை கண்ணாடியின்மேல், ஒரு விரல் உதட்டின்மேல்.

"ஏட்டி, மெதுவா நட," என்றார். "ஒங்கம்மா இப்பதான் கண்ணசந்தா."